பார்

நாற்பத்தொரு வருடம்
ஆங்கிலக் கால்வாயின் அடியில் குழாய் இறக்கி
மணலும் கூழாங்கல்லும் உறிஞ்சிய கப்பல் அது.
லேடி டாம்சின்.
எந்தெந்த ஊர்ச் சுவர்களுக்குள்
அது தின்ற கடல்தரை நிற்கிறதோ.

ஃபால்மத் துறையில் ஆறு வாரம்
அதன் வயிற்றுக்குள் இருந்தேன்.
எண்ணெய் வழித்தோம்.
வழித்த இடத்தையே மறுபடி வழித்தோம்.
வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தி வந்து
குழாய்க்குள் விரல் விட்டு எடுத்துப் பார்த்து
"இன்னும்" என்றாள்.
ஒயர் உரித்தோம். கல்நாரை
விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியவர்கள்
மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.
கதவுகளைக் கழற்றினோம், கழிவறைக் கதவு உட்பட.
உள்ளே நீந்தி வருகிறவர் யாரும்
அடைபட்டுச் சாகக் கூடாதாம்.
ஆள் குடியிருந்த காலத்தில்
இவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை:
எஞ்சின் அறைக்கு ஒரே ஏணி.

நான் வெட்டுகிறவன்.
கறுப்புக் கண்ணாடி, வாயுச்சுடர்,
இரும்பில் ஆள் நுழையும் சதுரங்கள், ஐம்பத்திரண்டு.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் பெயின்ட்டில் எண்.
முப்பத்தேழாவதுக்கு மட்டும்,
ஏனோ,
௩௭ என்று எழுதினேன்.
மேஸ்திரி ஆங்கோவ் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"இதென்ன, நத்தையா?"
"நத்தையும் அதன் கூட்டாளியும்" என்றேன்.
சரியென்று போய்விட்டார்.

ஊர் மண்டபத்தில் கூட்டம்.
முக்குளிப்புச் சங்கத்துக்காரர்கள் வரைபடம் விரித்தார்கள்:
இந்தப் படியில் இறங்கி, இந்த நடையில் திரும்பி,
மாலுமி மேடையில் நின்று புகைப்படம்.
சிங்கிறால் பிடிக்கும் டென்சில் பாஸ்கோ எழுந்தார்,
"அங்கே என் கூண்டுகள் கிடக்கின்றன" என்றார்,
உட்கார்ந்தார்.
செயற்கை என்றார்கள், திட்டு என்றார்கள், வாழிடம் என்றார்கள்.
எங்கள் கடலில் இதற்கு ஓரெழுத்துக்குச் சற்றே நீளமான சொல்:
பார்.
மீன் அடையும் கல்.
உலகத்துக்கும் அதே சொல்தான்,
கண்ணைத் திற என்பதற்கும்.
எழுந்து சொல்ல ஆங்கிலம் இருந்தது.
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
முனையில் குடை, சுடுநீர்க்குடுவை, நாய்கள்.
கன்னத்தில் கை வைத்தால் கப்பல் கவிழும் என்று
குட்டு வாங்கி வளர்ந்தவன் நான்.
அன்று கூலிக்கே
கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

நான்கு நிமிடம் என்றார்கள்.
அலமாரி சாத்துகிற மாதிரி ஒரு சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒரு குழந்தை பசிக்கிறது என்றது.
பதினோராவது நிமிடம்
பின்புறம் தணிந்து, மூக்கு உயர்ந்து,
உறிஞ்சு குழாய் ஒருமுறை வானத்தைக் காட்டி,
இடப்பக்கம் புரண்டு
போயிற்று.

நிற்கவேண்டியது ஒருக்களித்துப் படுத்துவிட்டது.
படிக்கட்டெல்லாம் சுவர், வாசலெல்லாம் கூரைத்துளை.
சங்கத்தின் வரைபடம் வீண்.
பாஸ்கோ ஒருவர்தான் சிரித்தார்,
மறுநாள் போய்ப் பார்த்து
அதன் விலாவுக்கடியில் தன் கூண்டுகள் பத்து
நசுங்கியதை அறியும்வரை.

எனக்கு நீச்சல் தெரியாது.
மே மாதம், பேருந்து நிறுத்தத்தில்,
சங்கத்து லவ்டே தன் கைபேசியை நீட்டினாள்.
பச்சைக் கலங்கல். விளக்கொளி.
ஒரு சதுரத்தின் விளிம்பு கோணலாய் வந்தது,
என் வெட்டுதான்;
அன்று வீட்டிலிருந்து போன் வந்திருந்தது.
பக்கத்தில் மஞ்சளாய் ௩.
௭ மேல் வெண்மையாய், மெத்தென்று ஏதோ முளைத்திருந்தது.
செத்தவன் விரல் என்று இங்கே பெயராம்.
உயிருள்ளது, தொட்டால் சுருங்கும் என்றாள்.

பட்டை போட்ட மீன்கள், நூறு இருக்கும்,
கோணலைப் பொருட்படுத்தாமல்
உள்ளே போயின.
வேறு வழியாய் வந்து
மறுபடி உள்ளே போயின.

முப்பத்தெட்டில் ஒரு கடல்விலாங்கு,
தலை மட்டும் வெளியே,
வாடகை கேட்டு வந்தவனைப்
பார்ப்பதுபோல்.